மண்கலமும் கடலும் – 11: வாய் கட்டிய சாடிகள்

எகிப்தியக் குயவரின் கையில் இரண்டு வகை மண் இருந்தது. ஒன்று நைல் ஆறு ஆண்டுதோறும் வெள்ளத்தோடு கொண்டுவந்து கரையில் ஒதுக்கிய வண்டல். இரும்புச் சத்து மிகுந்த இந்த மண் சூளையில் வெந்தால் செம்பழுப்பு நிறம் கொள்ளும். மற்றொன்று பாலைவன விளிம்பில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் களிமண். அது வெந்தபின் வெளிர்மஞ்சளாகவோ சற்றே பச்சை ஓடிய வெண்மையாகவோ மாறும். வண்டலில் செய்த பானையில் நுண்துளைகள் அதிகம். நீர் மெல்லக் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்ந்துவிடும். சுண்ணாம்புக் களிமண் கலம் இறுக்கமானது. எண்ணெய், தேன், மது போன்றவற்றை நெடுநாள் வைத்திருக்க ஏற்றது. மேல் எகிப்தில் கெனா, பல்லாஸ் ஆகிய ஊர்களில் இந்த மண்ணால் குடம் வனையும் தொழில் அண்மைக் காலம் வரை தொடர்ந்தது. எந்தப் பொருளுக்கு எந்த மண் என்ற இந்தத் தேர்வு பிரமிடுகளுக்கும் மூத்தது.

கி.மு. 4400 அளவில் தொடங்கும் படாரிப் பண்பாட்டிலும் அதன் பின்வந்த நக்காடாப் பண்பாட்டிலும் பானைகள் கையாலேயே வனையப்பட்டன. உடல் பளபளக்கும் சிவப்பாகவும் வாய்ப்பகுதி கறுப்பாகவும் இருக்கும் கலங்கள் இக்காலத்தின் அடையாளம். காற்றுப் படும் பகுதி சிவக்கும். சாம்பலிலும் புகையிலும் புதைந்த பகுதி கறுக்கும். தமிழ்நாட்டு இரும்புக்காலப் புதைகுழிகளில் கிடைக்கும் கறுப்பு-சிவப்பு மட்கலத்திலும் இதே நெருப்பு வித்தைதான் வேலை செய்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து நைல் கரைக்கும் தாமிரபரணிக் கரைக்கும் உறவு பேசியவர்கள் உண்டு. எகிப்தில் அந்தக் கலம் வழக்கொழிந்ததற்கும் தமிழகத்தில் இது பரவியதற்கும் இடையே ஈராயிரம் ஆண்டு இடைவெளி இருக்கும்போது அந்த உறவை நம்பக் காரணம் இல்லை. ஒரே நெருப்பு இரு வேறு இடங்களில் ஒரே நிறத்தைத் தரும், அவ்வளவே.

எகிப்தின் பானைகளை வரலாற்றுச் சான்றாக்கியவர் பிளிண்டர்ஸ் பெட்ரி. 1890களில் நக்காடா வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான கல்லறைகளைத் திறந்த அவருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. எழுத்தோ அரசர் பெயரோ இல்லாத அந்தக் குழிகளில் எது முந்தியது, எது பிந்தியது? ஏறத்தாழ 900 கல்லறைகளின் கலங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி வரிசைப்படுத்தினார். அதில் அவருக்குக் கைகொடுத்தது அலை போன்ற கைப்பிடியுடைய ஒரு சாடி. தொடக்கத்தில் அந்தப் பிடி கையால் பற்றித் தூக்கும் அளவுக்குப் புடைத்திருந்தது. நாளடைவில் அது தேய்ந்து வெறும் அலங்காரக் கோடாயிற்று. சாடியும் ஒல்லியான உருளையாக மாறிற்று. பிடி தேய்ந்த அளவைக் கொண்டே காலத்தை வரிசைப்படுத்தலாம் என்று 1899இல் அவர் காட்டினார். வரிசை எண்களை 30இலிருந்து தொடங்கி, முதல் 29ஐ இனிக் கிடைக்கப்போகும் பழைய பண்பாடுகளுக்காக விட்டுவைத்தார். படாரி பிற்பாடு கண்டெடுக்கப்பட்டபோது அந்த முன்யோசனை பலித்தது. இன்று தமிழ்நாட்டில் ஓர் அகழாய்வுக் குழியில் அடுக்குக்கு அடுக்கு ஓடுகளை எண்ணி வகைபிரித்து அடுக்கும் ஒவ்வொரு மாணவரும் பெட்ரி தொடக்கிவைத்த வேலையைத்தான் செய்கிறார்.

பானை வனைவது ஒரு திறன் என்றால், அதன் வாயை மூடி முத்திரையிடுவது இன்னொரு திறன். அரசு, வரி, வாணிகம் மூன்றும் இந்த இரண்டாவது திறனோடு கட்டுண்டவை. திறந்த பானையில் இருப்பது வீட்டுக்காரரின் பொருள். மூடி முத்திரை ஒற்றிய பானையில் இருப்பது இன்னாருக்குச் சேரவேண்டியது என்று கணக்கில் ஏறிவிட்ட பொருள்.

இதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அபிதோஸ் இடுகாட்டில் உள்ளது. 1988இல் ஜெர்மானியத் தொல்லியலாளர் குந்தர் டிரேயர் குழுவினர் அங்கே 12 அறைகள் கொண்ட ஒரு தலைவனின் கல்லறையைத் தோண்டினர். காலம் கி.மு. 3200ஐ ஒட்டியது. அதில் மூன்று அறைகளில் மதுச்சாடிகள் அடுக்கப்பட்டிருந்தன; மொத்தம் ஏறத்தாழ 700 சாடிகள், 4,500 லிட்டர் மது என்று மதிப்பிட்டார்கள். உள்ளே ஒட்டியிருந்த படிவை ஆய்ந்த பேட்ரிக் மெக்கவர்ன் அது மரப்பிசின் கலந்த திராட்சை மது என்றார். சாடிகள் பாலஸ்தீனப் பகுதியிலிருந்து வந்தவை என்பது அவர் முடிவு. எகிப்திலேயே செய்தவை என்று மறுத்தவர்களும் உண்டு. வந்த இடம் எதுவானாலும், சாடி வாய்களைக் கட்டிய களிமண்ணில் முத்திரைத் தடங்கள் இருந்தன.

முதல் வம்சத்து அரசர் காலத்தில் இந்த முறை முழு வடிவம் பெற்றது. சாடியின் வாயில் சுடுமண் தட்டு அல்லது நார்க்கொத்து வைத்து அடைப்பார்கள். அதன்மேல் ஈரக் களிமண்ணைக் கூம்பாக அப்பி, கழுத்து முழுவதும் மறையும்படி தொப்பி போலப் பூசுவார்கள். மண் காயும் முன்பு உருளை முத்திரையை அதன்மேல் உருட்டினால் அரசன் பெயரும் அதிகாரியின் பதவியும் வரிசையாகப் பதியும். சாடியைத் திறக்க வேண்டுமானால் தொப்பியை உடைத்தே ஆக வேண்டும். உடைத்தபின் பழையபடி ஒட்ட வைக்க முடியாது. இந்த எளிய ஏற்பாட்டால் எகிப்தியவியலுக்குக் கிடைத்த லாபம் பெரிது. அபிதோஸில் கிடைத்த ஒரு முத்திரைத் தடம் நார்மர், ஆஹா, ஜெர், ஜெட், டென் என்று அரசர்களை வரிசையாகச் சொல்லி, டென்னின் தாய் மெர்நெயித்தின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறது. முதல் வம்சத்தின் தொடக்கம் பற்றி நீண்ட நாள் நடந்த வாதத்தில், யாரோ ஓர் ஊழியர் காய்ந்துகொண்டிருந்த மண்ணில் உருட்டிய முத்திரை உறுதியான சான்றாக வந்து நின்றது.

மதுச்சாடியில் வேறொரு தொல்லை. நொதித்தல் முழுதும் அடங்காத மதுவை இறுக மூடினால் உள்ளே சேரும் வாயு சாடியையே பிளந்துவிடும். எனவே களிமண் தொப்பியில் சிறு துளை விட்டு, நொதித்தல் அடங்கியபின் அந்தத் துளையையும் மண்ணால் அடைத்து அதன்மேலும் முத்திரை ஒற்றினார்கள். தீப்ஸ் நகரத்துக் கல்லறைச் சுவர் ஓவியங்களில் திராட்சை பறிப்பது, மிதிப்பது, சாடியில் ஊற்றுவது, வாயைக் கட்டி அடுக்குவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தீட்டப்பட்டிருக்கின்றன.

1922இல் ஹோவர்டு கார்ட்டர் திறந்த துட்டன்காமன் கல்லறையில் மைக்குறிப்போடு 26 மதுச்சாடிகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் தோளிலும் ஆட்சியாண்டு, எந்தத் தோட்டம், அது நைலின் எந்தக் கிளையில் உள்ளது, தலைமை மது வடிப்பாளர் யார் என்பவை எழுதப்பட்டிருந்தன. பெரும்பாலானவை ஆட்சியின் 4, 5, 9ஆம் ஆண்டு அறுவடைகள். அவன் அரசாண்டது ஏறத்தாழ பத்தாண்டு என்ற கணக்குக்கு இந்தச் சாடிக் குறிப்புகள் வலுச்சேர்த்தன. ஒரே ஒரு சாடி மட்டும் 31ஆம் ஆண்டு என்கிறது. அது முன்னோன் ஒருவன் காலத்துப் பழைய சரக்காகவே இருக்க முடியும். 2004இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் இந்தக் கல்லறைச் சாடியின் படிவில் சிரிஞ்சிக் அமிலத்தைக் கண்டு, அது சிவப்புத் திராட்சை மது என்று நிறுவினார்கள்.

கிரேக்கரும் பின்னர் ரோமானியரும் எகிப்தை ஆண்ட காலத்தில் சாடியின் உருவம் மாறிற்று. மத்தியதரைக் கடலெங்கும் வழங்கிய ஆம்போரா நைல் கரைக்கும் வந்தது. இரண்டு கைப்பிடி, குறுகிய கழுத்து, கூர்ந்த அடி. தரையில் நிற்காத இந்தக் கூர் அடியை வடிவக் குறை என்று எண்ணத் தோன்றும். கப்பலின் அடித்தளத்தில் மணலிலோ, கீழ்வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு இடையிலோ செருகினால் அசையாது நிற்பது இந்த அடியால்தான். சரிக்கும்போது அது மூன்றாவது கைப்பிடியாகவும் உதவும். முதல் நூற்றாண்டில் பரவலாக வழங்கிய மதுச்சாடி ஒன்றில் ஏறத்தாழ 25 லிட்டர் கொள்ளும். மண்ணின் துளைகளை அடைக்க உட்புறம் மரக்கீல் பூசினார்கள். அடைப்பும் மாறிற்று. தக்கை அல்லது வட்டமாகத் தட்டிய பானை ஓட்டை வாயில் இறக்கி, மேலே சுண்ணச்சாந்து ஊற்றி, இறுகும் முன் மர அச்சால் எழுத்தோ உருவமோ பதித்து, சில வேளை செஞ்சாயமும் பூசினார்கள்.

இந்த அடைப்புகள் செங்கடல் துறைகளான மயோஸ் ஹார்மோஸிலும் பெரெனிகேயிலும் குப்பைமேடுகளிலிருந்து ஏராளமாகக் கிடைத்துள்ளன. மழை அரிதான பாலைக் காற்றில் சுண்ணச்சாந்தும் தக்கையும் கயிறும் ஈராயிரம் ஆண்டு கெடாமல் இருந்துவிட்டன. பெரெனிகே இரண்டாம் தாலமி கி.மு. 275 அளவில் தன் தாயின் பெயரால் நிறுவிய துறை. நைல் கரையின் கோப்டோஸிலிருந்து அங்கே போக ஒட்டகத்தில் 12 நாள் ஆகும் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. குடிக்கும் தண்ணீர் முதல் கோதுமை வரை அனைத்தும் அந்தப் பாலைவழியே போக வேண்டும். கோப்டோஸில் நிக்கானோர் என்பவரின் குடும்பம் இந்த ஒட்டகச் சுமைத்தொழிலை நடத்தியது. அவர்கள் வாங்கிய சீட்டுகள் பானை ஓடுகளில் எழுதப்பட்டு இன்றும் உள்ளன. பெரெனிகேயின் சுங்கச் சீட்டுகளும் பானை ஓடுகளே. இன்னாருடைய இத்தாலியச் சாடி இத்தனை, லவோதிக்கேயச் சாடி இத்தனை, கடக்க விடுக என்ற வகையிலான குறிப்புகள் அவை. அந்தச் சாடிகளில் இருந்தது மது. அவற்றில் ஒரு பகுதி இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. உடைந்த சாடியின் சில்லே அடுத்த சாடிக்கு அனுமதிச் சீட்டாயிற்று என்பது இந்தத் துறைமுகத்தின் சிக்கனம்.

திரும்பும் சரக்குக்கு இன்னும் கடுமையான காவல். வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஏட்டை 1985இல் ஹாராவரும் சைப்பெஸ்டைனும் பதிப்பித்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஏட்டில் முசிறியோடு தொடர்புடைய ஒரு கடன் ஒப்பந்தம் இருக்கிறது. பின்பக்கம் ஹெர்மப்போலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. கங்கைக் கரை நறுமணத் தைலப்புல் 60 பெட்டி, யானைத் தந்தம் முதலியவை அதில் உண்டு. முன்பக்க நிபந்தனைதான் இங்கே முக்கியம். செங்கடலில் இறக்கும் சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, பாலைவழியே காவலோடு கோப்டோஸின் அரசுக் கிடங்குக்குக் கொண்டு சேர்த்து, கடன் கொடுத்தவரின் முத்திரையின் கீழ் வைக்க வேண்டும். பிறகு ஆற்று வழியே அலெக்சாந்திரியா. அங்கும் கிடங்கு, அங்கும் முத்திரை. அரசுக்கு நான்கில் ஒரு பங்கு வரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சரக்கேற்றி, கவரைப்பேட்டையைக் கடந்து காட்டுப்பள்ளித் துறைமுகம் போகும் கன்டெய்னர் லாரியின் கதவில் எண் பொறித்த சீல் தொங்குவது எதற்காகவோ, அதற்காகவே கோப்டோஸ் கிடங்கில் அந்த முத்திரையும் இருந்தது. பொருள் ஒருவர் கையில், உரிமை இன்னொருவர் கையில்.

தமிழ்நாட்டுத் துறைமுகமும் முத்திரை அறியாததன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அதிகாரிகள் ஏற்றுமதி, இறக்குமதி மூட்டைகளின்மேல் சோழரின் புலிச்சின்னம் பொறித்து வெளியே விட்டதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை சொல்கிறது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் பருகுவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் காட்டுகிறது. அந்த மது எந்தச் சாடியில் வந்தது என்பதற்கு விடை நூற்றுக்கணக்கான ஓடுகளாகப் புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் கிடந்தது.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற மார்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் ஓர் ஆம்போராவின் துண்டைக் கண்டார். அரிக்கமேட்டிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். பேராசிரியர் ழுவோ துப்ரேய் அந்த மேட்டின் சிறப்பை ஏற்கெனவே உணர்ந்திருந்தார். 1945இல் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் வீலர் நடத்திய அகழாய்வு தென்னிந்தியத் தொல்லியலின் கால அட்டவணையையே மாற்றிவிட்டது. அதுவரை தென்னிந்தியாவின் கலங்களுக்கு நிலையான ஆண்டு எதுவும் கிடையாது. இத்தாலியின் அரிட்டைன் மட்கலம் எந்தப் பதிற்றாண்டில் எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது என்று அடியில் உள்ள முத்திரையைக் கொண்டே சொல்லிவிடலாம். அரிக்கமேட்டில் அந்த முத்திரைகளோடு அரிட்டைன் துண்டுகள் கிடைத்தன. அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அதனால் ஆண்டு கிடைத்தது. அந்தப் பானைகள் தென்படும் மற்ற ஊர்களுக்கும் வழி திறந்தது. பெட்ரி நக்காடாவில் செய்ததைப் போலவே இங்கும் ஓடு ஓட்டுக்குச் சாட்சி சொன்னது.

வீலர் சொன்னவற்றில் நிலைக்காதவையும் உண்டு. தட்டின் உட்புறத்தில் பற்சக்கரத்தால் பதித்த வட்டவரிகள் உடைய ரௌலட்டட் மட்கலம் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது என்று அவர் நினைத்தார். அது இந்திய மண்ணில் செய்யப்பட்டது என்பது பின்னர் மண் ஆய்வுகளால் தெளிவாயிற்று. அரிக்கமேட்டை ரோமானியர் நிறுவிய வணிக நிலையமாக அவர் பார்த்தார். 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் தோண்டிய விமலா பெக்லி, யவனர் வருவதற்கு முன்பே அது உள்ளூர் மக்களின் துறையாக இயங்கியது என்று காட்டினார். கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் போதுகே என்று குறிப்பிடும் துறை இதுவே என்பது பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்து.

அரிக்கமேட்டு ஆம்போராக்களை எலிசபெத் லைடிங் வில் ஆராய்ந்தார். இரண்டு கம்புகளை ஒட்டவைத்தது போன்ற இரட்டைக் கைப்பிடி கோஸ் தீவுச் சாடியின் அடையாளம். அந்த வகையும், அதைப் பார்த்து இத்தாலியில் செய்த வகையும் அங்கே மிகுதி. ரோட்ஸ் தீவு, நைடோஸ் நகரம் ஆகியவற்றின் மதுச்சாடிகளும், ஸ்பெயினின் மீன் சாறு வந்த சாடிகளும், ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளும் உண்டு. பல துண்டுகளின் உட்புறத்தில் மரக்கீல் பூச்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. மீன் சாற்றையும் ஆலிவ் எண்ணெயையும் தமிழர் விரும்பி வாங்கியிருப்பார்கள் என்று எண்ணுவது கடினம். அவை அங்கே தங்கிய மேற்கத்தியரின் சமையலுக்கே வந்திருக்க வேண்டும். மது அப்படியன்று. பாண்டியன் அரண்மனை வரை அது போனதற்குப் பாட்டே சான்று.

கழுத்தும் பிடியும் அடியும் இவ்வளவு கிடைத்த மண்ணில் சுண்ணச்சாந்து அடைப்புகள் எகிப்தில் போலக் குவியவில்லை. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் நனைக்கும் கடலோர மணலில் சாந்து கரையும், தக்கை மட்கும், மை அழியும். சாடிக்கு உள்ளே என்ன, யாருக்கு உரியது, யார் முத்திரையிட்டார் என்பதையெல்லாம் சொல்லும் பகுதிகள் எகிப்தின் வறண்ட மண்ணில் தங்கிவிட்டன. சாடியின் உடல் மட்டும் சோழமண்டலக் கரையில் நிலைத்தது. ஒரே வாணிகத்தின் வரலாறு இப்படி இரண்டு கரைகளில் பிரிந்து கிடப்பதால், அரிக்கமேட்டு ஓட்டைப் படிக்க நினைப்பவர் பெரெனிகேயின் குப்பைமேட்டையும் படித்தாக வேண்டும்.

தமிழகப் பானைக்கும் இதே கதி. தமிழகத்திலிருந்து என்னென்ன கலத்தில் என்னென்ன போயிற்று என்பதற்குச் சிறந்த சான்றுகள் செங்கடல் கரையில்தான் உள்ளன. பெரெனிகேயில் 1994 முதல் ஸ்டீவன் சைட்பாதமும் வில்லெக்கே வென்டிரிச்சும் நடத்திய அகழாய்வில், செராப்பிஸ் கோயில் முற்றத்துத் தரையில் பதித்திருந்த ஒரு பெரிய சாடி வெளிப்பட்டது. இந்தியாவில் வனைந்த சாடி அது. உள்ளே ஏழரைக் கிலோ மிளகு. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடியில் காய்த்த மிளகு ஈராயிரம் ஆண்டுக்குப் பின் இந்த அளவில் ஒரே கலத்தில் கிடைத்தது வேறெங்கும் இல்லை. கரிந்த மிளகு மணிகளும் அந்த நகரில் கிடைத்துள்ளன. வழிபாட்டில் தூபத்தோடு அது எரிக்கப்பட்டிருக்கலாம். ரோம நகரில் மிளகுக்கென்றே தனிக் கிடங்குகள் கட்டிய காலத்தில், துறைமுகக் கோயிலுக்கு ஒரு சாடி மிளகு ஒதுக்குவது பெரிய காணிக்கைதான்.

மிளகோடு ஆட்களும் போனார்கள். மயோஸ் ஹார்மோஸ் இருந்த குசெய்ர் அல் காதிமில் சிகாகோ பல்கலைக்கழகம் 1978 முதல் 1982 வரை தோண்டியபோது கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. 1995இல் பெரெனிகேயிலும் தமிழிப் பெயர் பொறித்த ஓடு ஒன்று வெளிவந்தது. பின்னர் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்து டேவிட் பீக்காக்கும் லூசி புளூவும் குசெய்ரில் நடத்திய ஆய்வில், ஒரு சேமிப்புச் சாடியின் ஓட்டில் தமிழி எழுத்துகள் தென்பட்டன. ஐராவதம் மகாதேவன் அதைப் ‘பானை ஒறி’ (பானை உறி) என்று படித்து, கி.மு. முதல் நூற்றாண்டினது என்றார். உறியில் தொங்கவிட்டு வைத்த பானை. கப்பலின் ஆட்டத்தில் சிந்தாமல் இருக்கவும், எலிக்கு எட்டாமல் இருக்கவும் இதைவிட நல்ல வழி இல்லை. அரசன் பெயரும் முத்திரையும் இல்லாமல், ஒரு சமையற்கட்டுச் சாமானின் பெயர் தமிழில் எழுதப்பட்டு எகிப்தில் கிடந்தது என்பதுதான் அந்த ஓட்டின் தனிச்சிறப்பு.

ஓமன் நாட்டின் கோர் ரோரி, சும்ஹுரம் என்னும் பழைய சாம்பிராணித் துறை. அங்கே இத்தாலியக் குழுவினர் 2006இல் கண்ட ஓர் ஓட்டில் கீரன் என்று முடியும் தமிழ்ப் பெயர் உள்ளது. உடைந்த பானையின் தோள்பகுதியை வட்டமாகத் தட்டி மூடியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முழுப் பானையாக இருந்தபோது உரிமையாளர் பெயர் தாங்கிய மண், உடைந்தபின் வேறொரு கலத்தின் வாயை மூடிற்று.

சாடி ஆய்வில் அண்மைக் காலத்தில் வந்த ஒரு திருத்தம் தமிழ் வாசகர் அறியவேண்டியது. இந்திய அகழாய்வு அறிக்கைகளில் கூர்ந்த அடியுடைய தடித்த ஓடு எதுவானாலும் ஆம்போரா என்று எழுதுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஆம்போரா என்றால் ரோம், ரோம் என்றால் பெருமை. ஊருக்கு ஊர் பட்டியல் நீண்டது. பிரிட்டனைச் சேர்ந்த ரொபர்ட்டா டோம்பர் இந்திய அருங்காட்சியகங்களில் அந்த ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்த்து, அவற்றில் பலவற்றுக்குக் கைப்பிடியே இல்லை, உள்ளே பூசியிருப்பது மரக்கீல் அன்று, நிலக்கீல் என்று கண்டார். அவை மெசபடோமிய, பாரசீக வளைகுடாப் பகுதியின் நீள்சாடிகள். டார்பிடோ சாடி என்று இப்போது வழங்குகின்றன. கேரளத்தின் பட்டணத்திலும் இலங்கையின் அனுராதபுரத்திலும் இவை கிடைத்துள்ளன. 9ஆம் நூற்றாண்டில் தாய்லாந்துக் கரையில் அமிழ்ந்த பனோம் சுரின் கப்பலிலும் இருந்தன. 2008இல் டோம்பர் வெளியிட்ட நூலுக்குப் பின், ரோமோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த வரலாற்றில் பாரசீகத்துக்கும் இடம் விட வேண்டியதாயிற்று. ரோமானியர் வரவு குறைந்த பிறகும் இந்தியக் கரைகளில் மேற்குச் சரக்கு நிற்கவில்லை என்பதற்கு இந்த நீள்சாடிகளே சாட்சி. பெருமைக்காக எழுதிய பட்டியல் சுருங்கியது, வரலாறு நீண்டது.

காஞ்சிபுரத்திலும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே வசவசமுத்திரத்திலும் கிடைத்த கூம்பு வடிவச் சாடிகள் இதே குழப்பத்தின் இன்னொரு கிளை. உள்ளூர்ச் செம்மண்ணில் செய்து, கைப்பிடி இன்றி, அடி கூர்ந்து முடியும் இவற்றையும் ஆம்போரா என்றே முதலில் எழுதினார்கள். இவை தொண்டை நாட்டுக் குயவரின் கைவேலை. வெளிநாட்டுச் சாடியைப் பார்த்துச் செய்தார்களா, தம் தேவைக்குத் தாமே கண்டார்களா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது இவற்றோடு உறைகிணறுகளும் ரௌலட்டட் ஓடுகளும் கிடைத்தன.

இந்தத் தொண்டை நாட்டு வட்டத்தின் வடபகுதியே இன்றைய திருவள்ளூர் மாவட்டம். கவரைப்பேட்டைக்குத் தென்மேற்கே, திருவள்ளூரைத் தாண்டித் திருப்பதி சாலையில் உள்ள பட்டறைப்பெரும்புதூரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2015-16லும் 2017-18லும் அகழாய்வு நடத்தியது. கற்காலக் கருவிகளில் தொடங்கி, கறுப்பு-சிவப்பு மட்கலம், தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள், ரௌலட்டட் மட்கலம், சுடுமண் உறைகளை அடுக்கி இறக்கிய கிணறு என்று அடுக்கடுக்காக அங்கே வாழ்க்கை வெளிப்பட்டது. ரௌலட்டட் ஓடு கிடைக்கும் ஊர் கடல் வாணிக வலையில் ஏதோ ஒரு முடிச்சாக இருந்திருக்கும். கொசஸ்தலையாறு எண்ணூரிலும் ஆரணியாறு பழவேற்காட்டிலும் கடலைச் சேர்கின்றன. கரையிலிருந்து உள்நாட்டுக்கும் உள்நாட்டிலிருந்து கரைக்கும் சரக்கு போய்வர இந்த ஆற்றுவெளிகள் இயல்பான பாதை. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். ஆனால் இந்தக் கரையின் பானைக்கணக்கு அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது.

கலத்தின் வாயை மண்ணால் பூசி மூடும் வழக்கம் இந்தப் பகுதி உழவருக்குப் புதிதன்று. விதைநெல் வைத்த குதிரின் மூடியைச் சுற்றிச் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசினால் காற்றும் வண்டும் புகாது. பூச்சு உடைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுப் பெரியவளுக்குத் தெரிந்துவிடும். நெல் கூட்டுறவுக் கிடங்குக்கும் ஆலைக்கும் போகத் தொடங்கியபின் குதிர் வீட்டை விட்டுப் போயிற்று.

அரிக்கமேட்டு ஆம்போராத் துண்டுகளையும் அரிட்டைன் ஓடுகளையும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். பூண்டியில் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகம் கொசஸ்தலையாற்று வெளியின் கற்காலக் கருவிகளுக்குப் பெயர்பெற்றது. மனைப்பிரிவுக்கும் தொழிற்பேட்டைக்கும் செங்கல் சூளைக்கும் நாள்தோறும் மண் வெட்டப்படும் மாவட்டம் இது. ஜேசிபி புரட்டிய மண்ணில் வட்டவரி பதிந்த ஓடோ, கீறல் எழுத்துள்ள சில்லோ, கூர்ந்த அடியுள்ள தடித்த சாடித் துண்டோ கண்ணில் பட்டால், அதைக் கழுவித் துடைக்காமல், கிடந்த இடத்தைக் குறித்துவைத்து வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். சாடியின் உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புப் பூச்சு மரக்கீலா நிலக்கீலா என்பதை ஆய்வகம் சொல்லும், கழுவிவிட்டால் சொல்லாது.